ஆட்டமே இல்லாத நாளில் ஸ்டேடியத்துக்கு டிக்கெட்! களமருதூர் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எப்போது திறக்கும்?

மேட்ச் கிடையாது. பிளேயர்ஸ் கிடையாது. கோல், விசில், கூச்சல் எதுவுமே கிடையாது. காலி நாற்காலிகளும் வெட்டிவிட்ட புல்லும்தான் இருக்கும். அந்தப் புல்லிலும் கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு வேற. இதைப் பார்க்க நீங்கள் காசு கொடுப்பீர்களா?

"வேற வேலை இல்லையா?" என்றுதான் தோன்றும். ஆனால் பார்சிலோனாவின் கேம்ப் நூ, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட், மாட்ரிட்டின் பெர்னபியூ என்று உலகின் பெரிய கால்பந்து மைதானங்களில் ஆட்டம் இல்லாத நாள்களிலும் டிக்கெட் கவுன்ட்டரில் கூட்டம் நிற்கிறது. லண்டனில் செட்டிலான சித்தப்பா, ஊரிலிருந்து வந்தவர்களை வெம்ப்ளிக்குக் கூட்டிப்போய் எடுத்து அனுப்பும் போட்டோ உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கலாம். அதற்குப் பெயர்தான் ஸ்டேடியம் டூர்.

கேம்ப் நூ கதை இன்னும் சுவாரஸ்யம். 2023 கோடையில் அதை இடித்துப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். பார்சிலோனா அணி, ஆட்டத்தை மோன்ட்ஜுயிக் மலையில் உள்ள ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொண்டது. 2025 நவம்பர் 22-ல் அத்லெட்டிக் கிளப்பை 4-0 என ஜெயித்துத்தான் சொந்த வீட்டுக்குத் திரும்பியது. நடுவில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்தது கிரேனும் கான்கிரீட்டும்தான். அப்போதும் மியூசியத்தை மூடவில்லை. கட்டடவேலை நடப்பதைப் பார்க்க ஓர் இடம் ஒதுக்கி, அதையும் டூரில் சேர்த்துவிட்டார்கள். மக்கள் டிக்கெட் வாங்கி கிரேனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்!

அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?

முதலில் கோப்பைகள். அடுத்து, கோச் உட்கார்ந்து பேட்டி கொடுக்கும் பிரஸ் ரூம். அதற்கடுத்து டிரெஸ்ஸிங் ரூம். இங்கேதான் பெரியவர்களும் குழந்தையாகிவிடுகிறார்கள். எந்த பெஞ்ச், எந்த கொக்கி, ஐஸ் தொட்டி எங்கே... எல்லாமே செய்திதான். வந்த அணிக்குக் கொடுக்கும் அறை பெரும்பாலும் சின்னதாக, வசதி குறைவாக இருக்கும். அதிலும் ஒரு குசும்பு உண்டு. இங்கிலாந்தின் நார்விச் சிட்டி 2018-ல் எதிரணியின் அறைக்கு அடர் பிங்க் பெயின்ட் அடித்தது. அந்த நிறம் ஆட்களைச் சாந்தமாக்கிவிடுமாம். பயன் தந்ததா என்று கேட்காதீர்கள், பேச்சாவது கிடைத்தது.

அங்கிருந்து வீரர்கள் மைதானத்துக்குள் வரும் டனல். லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் அந்தப் பாதையின் மேலே 'இது ஆன்ஃபீல்ட்' என்று ஒரு பலகை இருக்கிறது. பில் ஷாங்க்லி கோச்சாக இருந்த காலத்தில், எதிரணிக்குக் கிலி கொடுப்பதற்காக மாட்டியது. யூர்கன் க்ளாப் கோச்சாக வந்தபோது, 'ஏதாவது ஜெயிக்கும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது' என்று தன் வீரர்களுக்கே தடை போட்டார். அந்தப் பலகைக்குக் கீழே நம் ஊர் பையன் ஒருவன் எக்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறான் என்றால், பலகையின் மரத்துக்காக இல்லை, அந்தக் கதைக்காக.

கதை எல்லாமே கொண்டாட்டமும் இல்லை. 1958 பிப்ரவரி 6-ல் மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள். ஓல்ட் டிராஃபோர்டின் சுவரில் அதற்கான கடிகாரமும் நினைவுப்பலகையும் இருக்கின்றன. ஆன்ஃபீல்டில், 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் உயிர்விட்ட 97 ரசிகர்களின் பெயர்கள் இருக்கின்றன. வழிகாட்டி அங்கே நின்று குரலைத் தாழ்த்துவார். கோப்பையைப் பார்க்க வந்தவர்கள் அதையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

டூர் முடியும் இடம் எது தெரியுமா? ஜெர்சி கடை. வேறு வாசல் கிடையாது. (நம்ம ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்!)

இதெல்லாம் ஐரோப்பியப் பணக்கார கிளப்புகளின் வியாபாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். வியாபாரம்தான். ரியல் மாட்ரிட் 2023-24 சீசனில் 100 கோடி யூரோ வருமானத்தைத் தாண்டியது, கால்பந்தில் முதல் கிளப்பாக. புதுப்பித்த பெர்னபியூ அதில் பெரிய பங்கு வகித்தது. அந்த ஸ்டேடியத்தின் புல்தரையே ஆறு பெரிய தட்டுகளாகப் பிரிந்து நிலத்தடிக்குள் இறங்கிவிடும். மேலே வேறு நிகழ்ச்சி நடத்தலாம். வருஷம் முழுக்க வாசலைத் திறந்து வைக்கத்தான் இவ்வளவு பாடு.

சரி, இப்போது நம் பக்கம் வருவோம்.

2025 டிசம்பர் 13. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். மெஸ்ஸி வருகிறார் என்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கேலரியில் காத்திருந்தார்கள். மெஸ்ஸி வந்தார். அவரைச் சுற்றி அரசியல்வாதிகள், வி.ஐ.பி-க்கள், அவர்களின் சொந்தக்காரர்கள், செல்ஃபி எடுப்பவர்கள். காசு கொடுத்தவர்களுக்குத் தெரிந்தது அந்த முதுகுகள் மட்டும்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மெஸ்ஸி கிளம்பிவிட்டார். அப்புறம் நடந்ததை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் பிய்ந்தன, கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. ஏற்பாட்டாளர் கைதானார். முதல்வர் மம்தா பானர்ஜி மன்னிப்பு கேட்டார்.

ரசிகர்கள் நாற்காலியை உடைத்தது தப்புதான். ஆனால் அன்றைக்கு விற்கப்பட்ட பொருள் எது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதரின் 'தரிசனம்'. அவர் போனதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு இருக்கும் கதை, மெஸ்ஸி வருகையைவிடப் பெரியது. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைப் பார்க்க அங்கே கூடியவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என ஜெயித்தது. 2017 அக்டோபர் 28-ல் அதே தரையில்தான் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்து 0-2 என்று பின்தங்கி, 5-2 என ஸ்பெயினைச் சாய்த்தது. அதில் இரண்டு கோல் அடித்த பையன் பெயர் ஃபில் ஃபோடன். மெஸ்ஸியே 2011-ல் வெனிசுலாவுக்கு எதிராக அர்ஜென்டினா கேப்டனாக அங்கே முழு ஆட்டம் ஆடியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லி ஒரு டூர் நடத்தினால், எந்த வி.ஐ.பி முதுகும் மறைக்காது.

அதே டூரில் சொல்லவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டனில் நடந்த இதே இரண்டு அணிகளின் ஆட்டத்தில் கேலரியில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் இறந்தார்கள். 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் 11 பேர் நெரிசலில் செத்தார்கள். நாம் ஸ்டேடியத்தைத் தெரிந்துவைத்திருப்பது பெரும்பாலும் கூட்டத்தோடு கூட்டமாக, தள்ளுமுள்ளில்தான். எந்த கேட் எங்கே போகும் என்று நிதானமாக நடந்து பார்த்த அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும்?

சென்னைக்கு வாருங்கள். பெரியமேடு, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது, பக்கத்திலிருக்கும் உள்ளரங்கில் நடந்த விஜய் பட ஆடியோ லாஞ்ச்தான். அதில் தப்பில்லை. ஆனால் வெளியே இருக்கும் அந்தப் பெரிய மைதானத்தின் இடத்தில்தான் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருஷம் நின்றது. சேப்பாக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. 1993-ல் இப்போதுள்ள ஸ்டேடியம் வந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. 2014 முதல் சென்னையின் எஃப்.சி-யின் வீடு. சென்னையின் ஐ.எஸ்.எல் கோப்பையை இரண்டு தடவை ஜெயித்தது, 2015-லும் 2018-லும். இரண்டு ஃபைனலும் 3-2. இரண்டுமே வெளியூரில்! கோவாவில் ஒன்று, பெங்களூரில் ஒன்று. அந்தக் கோப்பைகளைச் சென்னை மண்ணில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊருக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே?

இதைப் பேச இப்போது அவசியம் இருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலில், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் சீசன், 2026 பிப்ரவரி 14-ல்தான், அதுவும் சுருக்கப்பட்டுத் தொடங்கியது. ஒரு ஒப்பந்தம் முடிந்தால் மொத்த விளையாட்டும் இருட்டில் நிற்கிறது. ஸ்டேடியம் டூர் வைத்தால் இந்தப் பிரச்னை தீர்ந்துவிடுமா என்றால், தீராது. அந்தக் காசில் ஒரு வீரரின் சம்பளம்கூடத் தேறாது. ஆனால் லீக் நின்றபோது இங்கே பெரிதாக யாரும் பதறவில்லை, கவனித்தீர்களா? மேட்ச் இல்லாவிட்டால் அந்த இடத்தோடு நமக்கு ஒட்டே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் டூர் நடக்கிறது. ஆக, இந்தியாவில் முடியாத காரியம் இல்லை. கிரிக்கெட்டுக்கு முடிந்தது.

இப்போது களமருதூரை நினைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டைப் பக்கம். பேரிலேயே களம் இருக்கிற ஊர்! இங்கிருந்தோ, கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையிலிருந்தோ ஒரு பிள்ளை கேம்ப் நூ போவதை யூடியூபில்தான் பார்க்க முடியும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளியில் சுற்றுலா பஸ் கிளம்பும். லிஸ்ட் நமக்கு மனப்பாடம்: வண்டலூர், மாமல்லபுரம், பிர்லா கோளரங்கம், எழும்பூர் மியூசியம், கடைசியாக மெரினா. எழும்பூர் மியூசியத்திலிருந்து நேரு ஸ்டேடியம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். அந்த லிஸ்டில் அது இல்லை.

அது தனியார் கிளப்பின் சொத்தும் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கும் அரசு மைதானம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியை அங்கே பிரதமர் தொடங்கிவைத்தார். ஊராட்சிகளுக்கு விளையாட்டு கிட் கொடுத்தது, தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் அறிவித்தது என அரசு இந்தப் பக்கம் நகர்ந்திருப்பது உண்மை. வாலிபால் கையில் வந்துவிட்டது. அந்த பாலோடு எங்கே வரை போகலாம் என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இன்னும் வரவில்லை. பக்கத்து கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார். களமருதூர்ப் பெண்பிள்ளை ஒருத்தி டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, இருட்டான வழியில் நடந்து, திடீரென்று நாற்பதாயிரம் நாற்காலி தெரியும் வெளிச்சத்துக்குள் வந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? அவள் பிளேயராக வேண்டும் என்று கட்டாயமில்லை. பிசியோவாகலாம், கமென்ட்ரி சொல்லலாம், அந்தப் புல்லைப் பராமரிக்கும் வேலைக்குப் படிக்கலாம். இப்படியெல்லாம் வேலை இருப்பதே உள்ளே போனால்தானே தெரியும்?

எதிர்க்கேள்விகள் வரும். உள்ளே பிராக்டீஸ் நடக்கும், பாதுகாப்பு, ஆள் பற்றாக்குறை, சின்தெடிக் டிராக்கில் பிள்ளைகள் ஷூவோடு ஏறிவிடுவார்கள்... எல்லாம் நியாயம்தான். அதனால்தான் தினமும் வேண்டாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முன்பதிவு செய்த பள்ளிகளுக்கு மட்டும் என்று ஆரம்பிக்கலாம். அரசுப் பள்ளிக்கு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம். கண்ணாடிப் பெட்டியும் நாலு போட்டோவும் ஒரு சாவியும் போதும், பெர்னபியூ மாதிரி தரையைத் தோண்டவேண்டியதில்லை.

வழிகாட்டிக்கும் பஞ்சமில்லை. லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் முன்னாள் வீரர்களே கூட்டிப்போகும் ஸ்பெஷல் டூர்கள் உண்டு. ஐ.சி.எஃப், இந்தியன் பேங்க், தெற்கு ரயில்வே என்று சென்னை லீக்கில் ஆடி ஓய்வுபெற்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த கேலரியிலிருந்து யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதுவரை அவர்களிடம் கதை இருக்கும். எந்த ஆடியோ கைடும் அதைச் சொல்லாது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். விடியற்காலை 4 மணிக்குக் களமருதூரில் பஸ் எடுத்தால், வண்டலூரை முடித்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மதியம் 3 மணிக்குள் பெரியமேடு வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு வண்டலூர் ஜூ லீவு.