வேகமா, நம்பகமா?

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பெற்றது. அன்று வியப்பாயிருந்த ஒன்று இன்று இன்றியமையாததாகிவிட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெற்று வருகிறது. கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவிடும் இறுதி நேரத்தில் இணைப்பு அறுந்தால் இழப்பு மாணவருடையதே. ஆதலால், இணையச் சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைவிட நம்பகத்தன்மைக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

விளம்பரங்களோ வேகத்தையே முழங்குகின்றன. 'நொடிக்கு 100 மெகாபிட் வரை' என்னும் தொடரில் 'வரை' என்பது உச்ச அளவைக் குறிக்குமேயன்றி உறுதிமொழி ஆகாது. மேலும், 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட். எனவே, அந்த உச்ச வேகத்திலும் நொடிக்கு 12.5 மெகாபைட் அளவே பதிவிறக்கம் ஆகும். குறிப்பிட்ட தரவளவைக் கடந்தபின் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனையும் பல திட்டங்களில் உண்டு.

நம்பகத்தன்மையை விளம்பரம் காட்டாது. அண்டை வீட்டாரின் அனுபவமே காட்டும். மழைநாளில் இணைப்பு நிலைக்கிறதா, பலரும் பயன்படுத்தும் மாலைப்பொழுதில் வேகம் தளர்கிறதா, பழுது எத்தனை நாளில் நீங்குகிறது என அதே தெருவில் வாழ்வோரிடம் கேட்டறிதல் நன்று. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்துமுன் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்ப்பதும், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'மைஸ்பீடு' செயலியால் வேகத்தை அளந்தறிவதும் அறிவுடைமை.

நட்பின் உறுதி துன்பக்காலத்தில் புலப்படுவதுபோல, சேவையின் தரம் பழுதுற்ற நாளில்தான் புலப்படும்.