காணாமற்போன வாஷர்

எங்கள் வீட்டு அம்பாஸடர் வண்டி ஓடும்போது பரம சாது, நின்றால்தான் சண்டி. சிவப்பு விளக்கைக் கண்டு நிறுத்தினேனோ இல்லையோ, இஞ்சின் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். இவ்வண்டிகளின் உற்பத்தி 2014-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. வைத்தியர்களும் அருகி வருகிறார்கள். ஒரு மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமென்று தீர்ப்புக் கூறிவிட்டார். எனக்கோ வேறு சந்தேகம்.

பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரில் உண்டாகும் இக்கலவையை இஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் குழாய்க்கு இன்லெட் மானிபோல்டு என்று பெயர். அது இஞ்சினோடு பொருந்தும் இடத்திலுள்ள காஸ்கெட் பழுதானால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். வண்டி நிற்கும்போது இஞ்சின் உறிஞ்சும் காற்று சொற்பம். அதில் இத்திருட்டுக் காற்று பெரும் பங்காகிவிடும். வேகத்திலோ அது கடலில் கரைத்த பெருங்காயம்.

பொருத்தைச் சுற்றிச் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். இருமல் சட்டென்று அடங்கி, மறுபடி தொடங்கிற்று. சந்தேகம் தீர்ந்தது. (இதற்குப் பெட்ரோலை உபயோகிப்பவர்களும் உண்டு, தீயோடு விளையாட வேண்டாம்.)

முதல் நாள் இரவே நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சனிக்கிழமை காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கையில், பாட்டரிக் கம்பியைக் கழற்றி, பெட்ரோல் குழாயின் வாயை அடைத்துவிட்டு வேலையைத் துவக்கினோம். உதவிக்கு என் பையன். இவ்வண்டியில் காற்று புகும் குழாயும் புகை போகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒரே காஸ்கெட்டின்மேல் அமர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தளர்த்தியாக வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாய் வைக்கச் சொல்லியிருந்தேன்.

மானிபோல்டு வந்துவிட்டது. காஸ்கெட் ஓரிடத்தில் கருகிப் பிளந்திருந்தது. கார்புரேட்டரை மாற்றியிருந்தால் பணந்தான் நஷ்டம்! பழைய காஸ்கெட்டைச் சுரண்டி, இரும்பு ஸ்கேலை வைத்து முகம் சமமாயிருக்கிறதா என்று பார்த்தோம். புதியதை எடுக்கப் போகையில்தான் இட்லித் தட்டைக் கவனித்தேன். கார்புரேட்டரைப் பிடித்திருந்த ஸ்பிரிங் வாஷர்களில் ஒன்றைக் காணோம்.

"ஒரு வாஷர்தானே, அப்பா? டப்பாவில் வேறு இருக்கிறதே!" என்றான் பையன்.

வாசற்படியிலிருந்து என் மனைவி, "நாளைக் கல்யாணத்துக்கு வண்டியா, பஸ்ஸா? அதைச் சொல்லிவிடுங்கள்" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனால் கார்புரேட்டரைத் தூக்கியவுடன் மானிபோல்டின் வாயில் துணியை அடைக்க நான் மறந்திருந்தேன். குற்றம் என்னுடையது. உள்ளே விழுந்த எஃகு வளையம் வால்வைக் கடந்து பிஸ்டனை அடைந்தால், பிறகு இஞ்சின் இஞ்சினாயிராது.

தரையைப் பெருக்கினோம், மானிபோல்டைக் கவிழ்த்து உதறினோம், பயனில்லை. பள்ளிக்கூடச் சோதனைச் சாலையிலிருந்து, வகுப்புக்குக் காட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த காந்தம் ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கம்பி நுனியில் கட்டி, இஞ்சினின் துவாரத்துக்குள் மெல்ல விட்டேன். முதல் துவாரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் 'டிக்' என்று ஒரு சப்தம். மூடியிருந்த வால்வின் முதுகில் சாய்ந்து கிடந்த வாஷர், காந்தத்தோடு வெளியே வந்தது! பையன் டப்பாவைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

துவாரங்களில் துணியை அடைத்த பிறகே மிச்ச வேலை. நட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சிறிது சிறிதாக முறுக்கினோம். பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறிந்துவிடும். இஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஒரு தரம் முறுக்குவதற்குள் விளக்கு வைத்தாயிற்று.

ஞாயிறன்று கல்யாணத்துக்கு வண்டியிலேயே போனோம். திங்களன்று காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் ஏன் பெட்ரோல் வாசனை வீசுகிறதென்று சோதனைச் சாலைச் சிப்பந்தி கேட்டார்.