மாதிரிப் படகுக்கு அலமாரி போதுமா?

ஏரிக்கரையில் சிலர் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அவர்களுக்கு முன்னால், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள சிறு படகுகள் மிதவைகளைச் சுற்றிச் சீறிப் பாய்கின்றன. திடீரென்று ஒரு படகு வளைவில் துள்ளி எழுந்து தலைகீழாகக் கவிழ்கிறது. அதைச் செய்தவரின் பல மாத உழைப்பு ஒரே நொடியில் நீருக்குள் போகிறது. சுற்று முடிந்ததும் மீட்புப் படகு சென்று அதை எடுத்து வருகிறது. உரியவர் அதிலுள்ள நீரை வடித்துவிட்டு, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு, பசையையும் மரத்துண்டையும் தேடத் தொடங்குகிறார்.

மாதிரிப் பந்தயப் படகுகளைச் செய்து ஓட்டுவோருக்கு இது பழகிப்போன காட்சி. பார்ப்பவர்களுக்கோ ஒரு கேள்வி எழும். இத்தனை பாடுபட்டுச் செய்த அழகிய படகை ஏன் நீரில் விட்டு உடைக்க வேண்டும்? கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாதுகாக்கலாமே! நியாயமான கேள்விதான். ஆயினும், அந்தப் படகை நீரில் விடுவதே சரி என்பது என் கருத்து. கையால் செய்வது இந்தப் பொழுதுபோக்கின் முதல் பாதி. செய்ததைச் சோதனைக்கு உட்படுத்துவது அதன் மறுபாதி. ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்பவர், அது தரும் கல்வியில் பாதியைத்தான் பெறுகிறார்.

முதலில், இந்தப் படகுகள் எத்தகையவை என்று பார்ப்போம். ‘ஹைட்ரோபிளேன்’ எனப்படும் பந்தயப் படகு மற்றப் படகுகளைப் போல நீரைக் கிழித்துக்கொண்டு செல்வதில்லை. வேகம் கூடியதும் அது நீரின் மேற்பரப்புக்கு எழுந்து, அதன்மீது வழுக்கி ஓடுகிறது. அப்போது அது மூன்று இடங்களில் மட்டுமே நீரைத் தொடுகிறது. முன்பக்கத்தின் இரு புறங்களிலும் உள்ள பக்கமிதவைகள் இரண்டு இடங்கள். பின்னால் சுழலும் சுழல்விசிறி மூன்றாவது இடம். படகின் அடியில் புகும் காற்று அதை மேலும் உயர்த்துகிறது. நீரைத் தொடும் பரப்பு குறைவதால் நீரின் தடையும் குறைகிறது, வேகம் கூடுகிறது. ஆனால், அடியில் புகும் காற்று அளவை மீறினால் அதே காற்று படகைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். வேகத்தைத் தருவதும் ஆபத்தைத் தருவதும் ஒன்றே என்பதுதான் இந்தப் படகின் தனித்தன்மை.

இத்தகைய படகுகளுள் பெரும்புகழ் பெற்றது ‘ஸ்லோ மோ ஷன் 4’. ‘மெதுவான அசைவு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வேடிக்கையாக மாற்றி எழுதி அதற்குப் பெயரிட்டார்கள். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டெட் ஜோன்ஸ் அதை வடிவமைத்தார். ஆங்கர் ஜென்சன் தம் படகுப் பட்டறையில் அதைக் கட்டினார். ஸ்டான்லி சேயர்ஸ் அதன் உரிமையாளர். இரண்டாம் உலகப் போரின் போர் விமானங்களில் பயன்பட்ட ‘அல்லிசன்’ இயந்திரம் அதில் பொருத்தப்பட்டிருந்தது. 1950ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், சியாட்டலின் வாஷிங்டன் ஏரியில் சேயர்ஸ் அதை மணிக்கு 160.323 மைல், அதாவது ஏறத்தாழ 258 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 1939ஆம் ஆண்டு பிரிட்டனின் மால்கம் கேம்பல் படைத்திருந்த 141.74 மைல் என்னும் உலகச் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. ‘மெதுவான அசைவு’ நீர்மேல் உலகிலேயே மிக விரைவான படகானது!

அதே ஆண்டில் அந்தப் படகு டெட்ராய்ட் நகரில் நடந்த தங்கக் கிண்ணப் போட்டியிலும் வென்றது. அதனால், மறு ஆண்டுப் போட்டி சியாட்டலுக்கு வந்தது. அக்காலத்தில் அந்நகருக்கு அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டிகளில் ஆடும் விளையாட்டுக் குழு எதுவும் இல்லை. எனவே, மக்கள் இந்தப் படகுகளையே தங்கள் நாயகர்களாக ஏற்றுக்கொண்டனர். சிறுவர்கள் மரப்பலகையில் சிறு படகு செய்து, சாயம் பூசி, கயிற்றில் கட்டி, மிதிவண்டியின் பின்னால் தெருவெங்கும் இழுத்துச் சென்றனர். அந்தத் தலைமுறையின் விளையாட்டே மாதிரிப் படகுப் பொழுதுபோக்குக்கு ஒரு விதையானது என்றால் அது மிகையன்று.

காலம் மாறியது. 1980களில் பழைய விமான இயந்திரங்களின் இடத்தை ஹெலிகாப்டர்களில் பயன்படும் சுழலி இயந்திரங்கள் பிடிக்கத் தொடங்கின. பழைய படகுகள் பல உடைந்தன. சில மறைந்தே போயின. ‘ஸ்லோ மோ ஷன் 4’ 1956ஆம் ஆண்டு டெட்ராய்டில் விபத்துக்குள்ளாகிச் சிதைந்தது. பின்னர் சீரமைக்கப்பட்ட அது, இன்று சியாட்டலின் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இனி அது ஏரியில் பந்தயம் ஓடப் போவதில்லை. இங்குதான் மாதிரிப் படகு செய்வோரின் பணி தொடங்குகிறது. மறைந்த படகுகளின் வரைபடங்களையும் பழைய புகைப்படங்களையும் தேடி எடுத்து, எட்டில் ஒரு பங்கு அளவில் அவற்றை மீண்டும் உருவாக்குகிறார்கள். உருவாக்கி ஓட்டவும் செய்கிறார்கள்.

ஒருவர் இத்தகைய படகைச் செய்யத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்திலுள்ள குறுக்குச் சட்டங்களை மெல்லிய ஒட்டுப்பலகையில் வரைந்து அறுக்க வேண்டும். அவற்றைச் சமதளப் பலகை ஒன்றின் மேல் நேராக நிறுத்தி, நீளச் சட்டங்களால் இணைக்க வேண்டும். அடிப்பகுதியையும் மேல்தளத்தையும் பலகையால் மூடி, எப்பாக்ஸி பசை தடவி நீர் புகாமல் செய்ய வேண்டும். பிறகு, உப்புத்தாளால் தேய்ப்பதும் சாயம் பூசுவதும் மீண்டும் தேய்ப்பதுமாக வாரங்கள் கழியும். இரண்டு பக்கமிதவைகளில் ஒன்று சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் படகு ஒரு பக்கமாக இழுக்கும். பசை காயும் முன் அவசரப்பட்டால் சட்டம் கோணலாகும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியின் பொருளை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் கற்றுத் தராது.

வகுப்பறையில் படித்த கணிதமும் அறிவியலும் இங்கே உயிர் பெறுகின்றன. நீளத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால், பரப்பு 64இல் ஒரு பங்காகும். கன அளவோ 512இல் ஒரு பங்காகிவிடும். ஆனால், படகைச் சிறிதாக்கலாம். ஏரியின் அலையைச் சிறிதாக்க முடியாது. பெரிய படகு பொருட்படுத்தாத சிற்றலை, மாதிரிப் படகுக்கு மேடாகவே அமைந்துவிடும். எனவே, எடையை எங்கே வைப்பது, முன்பகுதியை எவ்வளவு தாழ்த்துவது, சுழல்விசிறியை எந்த ஆழத்தில் பொருத்துவது என்பவற்றையெல்லாம் செய்பவரே சிந்தித்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு சரியா என்பதை அலமாரி சொல்லாது; நீர்தான் சொல்லும்.

“கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் படகை வாங்கி ஓட்டலாமே” என்று சிலர் கேட்பர். வாங்குவது தவறன்று. தொடக்கத்தில் ஓட்டிப் பழக அது உதவும். ஆனால், வாங்கிய படகு நின்றுவிட்டால், ஏன் நின்றது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. தானே செய்தவர் அப்படியல்லர். எந்தத் திருகு எங்கே இருக்கிறது, எந்த இணைப்பு வலுவற்றது என்று அவருக்குத் தெரியும். பொருளைப் பயன்படுத்த மட்டும் தெரிந்தவருக்கும் அதைப் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பழுதானதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கும் இக்காலத்தில், பழுதுபார்க்கத் தெரிந்த கைகளுக்கு மதிப்பு உண்டு.

“வரலாற்றைப் போற்றுவதுதான் நோக்கமென்றால் காட்சிக்கு வைத்தால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. அருங்காட்சியகங்களின் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. உண்மையான பழைய படகு ஒன்றே ஒன்றுதான். அது உடைந்தால் திரும்பக் கிடைக்காது. அதைப் பாதுகாக்கத்தான் வேண்டும். மாதிரிப் படகு அப்படியல்லவே! பழைய படகின் நீளத்தையும் நிறத்தையும் அருங்காட்சியகம் காட்டும். அது நீரிலிருந்து எழுந்த விதத்தையும், பின்னால் சேவலின் வாலைப்போல் நீர் உயர்ந்ததையும், வளைவில் அது தடுமாறியதையும் ஓடும் மாதிரிதான் காட்டும். 1955ஆம் ஆண்டு ‘ஸ்லோ மோ ஷன் 5’ என்னும் படகு, தகுதிச் சுற்றில் விரைந்தபோது காற்றில் எழுந்து ஒரு முழுக் குட்டிக்கரணம் அடித்து மீண்டும் நீரில் விழுந்தது. காயமுற்றாலும் அதன் ஓட்டுநர் உயிர் பிழைத்தார். இதை நூலில் படிப்பவருக்கு வியப்பு மட்டுமே ஏற்படும். தம் மாதிரிப் படகு அவ்வாறே எழுவதைக் கண்டவருக்கோ அதன் காரணமும் விளங்கும். அந்த இருக்கையில் அமர்ந்திருந்த மனிதரின் துணிவும் விளங்கும்.

பெற்றோரின் கவலையையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பணமும் நேரமும் தேவைப்படுகின்றன. தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளை பட்டறையிலேயே இருந்தால் எந்தத் தாய்தான் கவலைப்படமாட்டார்? அதனால், தொடக்கத்திலேயே எட்டில் ஒரு பங்கு படகில் கைவைக்க வேண்டியதில்லை. சிறிய படகு, எளிய வரைபடம், வார இறுதியில் இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். இயன்றால் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு படகைச் செய்யலாம். செலவும் குறையும், வேலையும் பகிரப்படும். பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. லித்தியம் மின்கலத்தைப் பெரியவர் முன்னிலையிலேயே மின்னூட்ட வேண்டும். பசையையும் சாயத்தையும் காற்றோட்டமான இடத்தில் கையாள வேண்டும். மக்கள் நீந்தும் இடத்தில் படகை ஓட்டவே கூடாது. நின்றுபோன படகை எடுக்க நீரில் குதிக்கவும் கூடாது. படகு போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

இவையெல்லாம் தொலைவிலுள்ள சியாட்டலுக்குரிய செய்திகள், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் வட்டாரக் கடலிலும் இதற்கோர் உறவு உண்டு. சிங்கப்பூரின் தென்தீவுகளில் வாழ்ந்த மக்களும் ரியாவ் தீவுகளின் மக்களும் ‘ஜோங்’ எனப்படும் சிறு பாய்மரப் படகைக் கையால் செய்து பந்தயம் விட்டு வந்திருக்கிறார்கள். அதில் ஆள் ஏறுவதில்லை, இயந்திரமும் இல்லை. பாயைக் காற்றுக்கேற்பச் சரிசெய்து கையிலிருந்து விடுவித்துவிட்டால், அதன்பின் படகும் காற்றும்தான். விட்டபிறகு கரையிலிருந்து அதைத் திருத்த இயலாது. செய்தபோது காட்டிய கவனமே அதை இலக்கில் சேர்க்கும். ஜோங் செய்த தீவுவாசியும் ஹைட்ரோபிளேன் செய்யும் அமெரிக்கரும் ஒருவரையொருவர் அறியார். எனினும், ‘நான் செய்தது நேராக ஓடுமா?’ என்று கேட்டுக்கொண்டு நீர்விளிம்பில் நிற்கும் அந்தக் கணம் இருவருக்கும் பொதுவானது.

மாணவர்களே, அந்தக் கணம்தான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். செய்முறைப் பயிற்சியில் நீங்கள் செய்யும் பொருள்கள் பலவும் மதிப்பெண் பெற்றதும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. அவை உண்மையில் பயன்படுமா, தாங்குமா என்று நாம் சோதிப்பதே இல்லை. உடைந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். உடையட்டும், ஏன் உடைந்தது என்று பாருங்கள், ஒட்டுங்கள், மீண்டும் விடுங்கள். படகாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டமோ, மரப்பாலமோ, சிறு காற்றாலையோ எதுவானாலும் சரி. அதை உங்கள் கையால் செய்யுங்கள். செய்ததை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். முதல் ஓட்டத்தில் கவிழ்ந்த படகைப் பழுதுபார்த்து, இரண்டாம் ஓட்டத்துக்குக் கரைக்கு எடுத்து வருபவரே என் பார்வையில் உண்மையான பந்தய வீரர்.