கல் செதுக்கியவன் பிள்ளைக்குக் கதவடைப்பா?

1856-ஆம் ஆண்டு, ஏப்ரல் 21. ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரிலே பல்கலைக் கழகக் கட்டடம் எழும்பிக் கொண்டிருந்தது. அங்கே கல் செதுக்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உளியையும் சுத்தியையும் கீழே வைத்தார்கள். ஊர்வலமாய்ப் புறப்பட்டு, நாடாளுமன்ற மாளிகை வரை நடந்தார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே உழைப்போம், கூலியிலே குறைவு கூடாது என்பது கோரிக்கை. கட்டடத் தொழிலாளர்கள் அதிலே வெற்றியும் கண்டார்கள்.

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், மீதி எட்டு மணி தனக்கென்று! அந்த மூன்றாவது எட்டு மணி எதற்கு? வண்டி மாடும் உழைக்கிறது. வண்டி மாடும் உறங்குகிறது. படிப்பதும், பேசுவதும், நேற்று நடந்தது ஏன், நாளை நடக்க வேண்டியது என்ன என்று சிந்திப்பதும் மனிதனுக்கு மட்டுமே உரியவை. அதற்காகத்தான் அந்தக் கல் தொழிலாளி போராடினான்.

இன்று பல்கலைக் கழகங்களின் அறிவிப்புப் பலகைகளிலே இரண்டு விதமான அறிவிப்புகளைக் காணலாம். ஒன்று, வரலாறு, தத்துவம், இலக்கியம் பற்றிய சொற்பொழிவு. மற்றொன்று, வேலை வழிகாட்டிப் பட்டறை. பட்டறை என்றதும் நம் தோழர்களுக்கு உலையும் துருத்தியும் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. விண்ணப்பம் எழுதுவது எப்படி, நேர்முகத் தேர்விலே பதில் சொல்வது எப்படி, எந்தத் தொழிலுக்கு எங்கே ஆள் தேவை என்று மாணவருக்குச் சொல்லித் தரும் வகுப்பு.

அந்தப் பட்டறையை நாம் பழிக்கவில்லை. சிபாரிசுக் கடிதம் கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு அது ஊன்றுகோல். படித்து முடித்த மகன் வேலையின்றித் திண்ணையிலே உட்கார்ந்தால் தாயின் வயிறு எப்படி எரியும் என்பதைப் பாட்டாளிக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. நாம் கேட்பது வேறு. சொற்பொழிவு மண்டபம் பணம் படைத்தவன் பிள்ளைக்கு, பட்டறை மட்டும் ஏழையின் பிள்ளைக்கு என்று பங்கு பிரிக்கும் உரிமையை ஆளவந்தார்களுக்கு யார் கொடுத்தது?

கற்பனை அல்ல, தோழர்களே! கல் தொழிலாளி ஊர்வலம் போன அதே ஆஸ்திரேலியாவிலே நடந்தது இது. 2020-ஆம் ஆண்டு, 'வேலைக்குத் தயாரான பட்டதாரிகள்' என்ற அழகான பெயரிலே ஒரு திட்டம் வந்தது. அன்றைய கல்வி மந்திரி டான் டீஹன் கொண்டு வந்தார். மேல்சபையிலே இரண்டே வாக்கு வித்தியாசத்திலே நிறைவேறியது. விவசாயம், கணிதம் படிப்போருக்குக் கட்டணம் 62 சதவிகிதம் குறைப்பு. தாதியர், ஆசிரியர் படிப்புக்கு 46 சதவிகிதம் குறைப்பு. குறைத்ததை வரவேற்கலாம். ஆனால் வரலாறு, தத்துவம், அரசியல் படிப்போருக்கு? 113 சதவிகிதம் உயர்வு! ஆண்டுக்குச் சுமார் 6,800 டாலராக இருந்தது, 2021-இலே 14,500 டாலராக ஏறியது. அப்போது டாக்டர் படிப்புக்கு ஆண்டுக்கு 11,300 டாலர்தான்! நாடியைப் பிடித்துப் பார்க்கக் கற்பதைவிட, நாட்டின் வரலாற்றைக் கற்பதற்கு அதிக விலை!

அந்த மந்திரி படித்தது என்ன? கலைப் பட்டம்! ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்பது இதுதான்.

இன்னொரு பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 1974-இலே விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி அரசு பல்கலைக் கழகக் கட்டணத்தையே ஒழித்தது. 1989-இலே கட்டணம் திரும்பி வந்தது. கொண்டு வந்ததும் தொழிற்கட்சி அரசுதான்! அன்று எந்தப் படிப்பானாலும் ஆண்டுக்கு 1,800 டாலர். தொழிலாளர் பெயரைச் சொல்லும் கட்சியாயினும் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"கையிலே காசு கேட்கவில்லையே! கடனாகத்தானே வைத்திருக்கிறோம், சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு கட்டலாமே" என்று வாதிடுவோர் உண்டு. கடன் என்றால் என்ன என்பது கடன் வாங்காதவனுக்கு வெறும் எழுத்து, வாங்கியவனுக்குப் பாரம். 2021-ஆம் ஆண்டுக் கட்டணப்படி மூன்று ஆண்டுப் படிப்புக்கு 43,500 டாலர். சீமான் வீட்டுத் தகப்பன் ஒரே காசோலையிலே தீர்ப்பான். தொழிலாளி மகள் அந்தச் சுமையோடுதான் குடித்தனமே தொடங்குவாள்.

விளைவு என்ன? 2024-இலே அந்நாட்டு அரசு அமைத்த குழுவே, இந்தத் திட்டம் தோற்றது, உடனே திருத்த வேண்டும் என்று அறிக்கை தந்தது. விலையை ஏற்றியதால் மாணவர்களின் விருப்பம் பெரிதாக மாறவில்லை. கடன்தான் ஏறியது. 2025-இலே மாணவர் கடனிலே 20 சதவிகிதத்தைத் தள்ளுபடி செய்யச் சட்டம் வந்தது. மீதி 80 சதவிகிதம் முதுகிலேயே இருந்தது.

கடல் கடந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டுச் சட்டசபையிலே, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. என்றைக்கு? ஏப்ரல் 21! கல் தொழிலாளி ஊர்வலம் போன அதே தேதி! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

எதிர்த்தவர்களின் கையிலே என்ன இருந்தது? எட்டு மணி நேரம் பிச்சையாகக் கிடைத்ததல்ல, போராடிப் பெற்றது என்ற வரலாற்று அறிவு இருந்தது. அதை அறியாதவனிடம் பன்னிரண்டு மணி என்றாலும் தலையசைப்பான். பதினான்கு என்றாலும் விதி என்பான்.

வேலை தேடக் கற்றுக் கொடுங்கள், வேண்டும். வேலையிலே அநீதி நேர்ந்தால் அதை அநீதி என்று அறியவும் கற்றுக் கொடுங்கள், அதுவும் வேண்டும். பட்டறையும் திறந்திருக்கட்டும்; சொற்பொழிவு மண்டபமும் திறந்திருக்கட்டும். இரண்டுக்கும் வாசலிலே பண மூட்டையைக் கேட்காதீர்கள்.

அந்த மண்டபத்துக்குக் கல் செதுக்கியவன் தொழிலாளி. அவன் பிள்ளை அதற்குள்ளே உட்கார்ந்து தன் பாட்டன் கதையைக் கேட்க ஆயிரக்கணக்கான டாலர் என்றால், அந்த விலைச்சீட்டைக் கிழித்தெறியும் வரை ஊர்வலம் முடியவில்லை என்றே பொருள்!