குவெரி வருகிறது, ஆளைத்தான் காணோம்

புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சியில் ஸ்டடி கோஆர்டினேட்டர் என்றொரு வேலை உண்டு. டாக்டர் பார்த்தது, நோயாளி சொன்னது, லேபிலிருந்து வந்தது எல்லாவற்றையும் சேர்த்து மருந்து கம்பெனியின் கணினிப் படிவத்தில் ஏற்றுவது எங்கள் பொறுப்பு. அந்தப் படிவம் இருக்கும் மென்பொருளை ஈடிசி என்போம். முன்பெல்லாம் கார்பன் படியோடு கூடிய தாளில் எழுதி, தப்பு வந்தால் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போட்டு, கூரியரில் அனுப்பினார்கள். இப்போது நாங்கள் ஏற்றும் கிரியேட்டினின் அளவு ஏடாகூடமாக இருந்தால் அன்றைக்கே கடல் தாண்டி இருக்கும் மருத்துவர் கண்ணில் பட்டுவிடும். நோயாளிக்கு அது நல்லது. ஆகையால் கணினி வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் இதுதான்: அதைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் அதில் வேலை செய்யச் சொல்லித்தருவதில்லை. தடுமாறி நிற்கும்போது கேட்க ஓர் ஆளையும் வைப்பதில்லை.

பயிற்சிதான் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. ஸ்டடி தொடங்குமுன் ஒரு லிங்க் வரும். திறந்தால் படக்காட்சி ஓடும், பின்னணியில் ஒரு குரல் பேசும், பக்கத்துக்குப் பக்கம் 'நெக்ஸ்ட்' அழுத்த வேண்டும். கடைசியில் சில கேள்விகள், தேறினால் சர்ட்டிஃபிகேட். அதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தால் பயிற்சி முடிந்தது. ஆடிட் வருகிறவரும் அந்தத் தாள் இருக்கிறதா, தேதி சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். எந்த பட்டனை அழுத்தினால் சேவ் ஆகும், எந்த நிறக் குறிக்கு என்ன அர்த்தம், கையெழுத்துப் போடும் பக்கம் எங்கே, இவ்வளவுதான் அதில் இருக்கும். அந்தப் படக்காட்சியில் வரும் மாதிரி நோயாளிக்குத் தன் பிறந்த தேதி தெரியும். வியாதி எந்த நாளில் ஆரம்பித்தது என்று தெரியும். அவர் சாப்பிடும் மாத்திரை பட்டியலில் இருக்கும்.

எங்கள் ஓபியில் வந்து உட்காருகிற பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

"சர்க்கரை எப்போ தெரிஞ்சுது பாட்டி?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துக்குப் போயிட்டு வந்து மயங்கி விழுந்தேன் கண்ணு. தூக்கிட்டுப் போனாங்க. அப்பத்தான் டாக்டரு சொன்னாரு."

"எந்த வருஷம்?"

"சின்னப் பேத்தி வயித்துல இருந்தா."

பக்கத்தில் நிற்கும் மருமகள் விரல் மடக்கி எண்ணிப் பார்க்கிறார். 2011 என்கிறார், இல்லை 2012 என்கிறார். ஆடி பதினெட்டு என்பதால் ஆகஸ்ட் 2 அல்லது 3 என்பது வரைக்கும் சரியாகவே கிடைத்துவிட்டது. வருஷம்தான் ஆடுகிறது. நான் பார்த்த படிவங்களில் நாளோ மாதமோ தெரியாவிட்டால் 'யூஎன்கே' என்று போட இடம் இருக்கும், வருஷம் மட்டும் கட்டாயம். எங்கள் ஊர் ஞாபகம் நேர் எதிராக வேலை செய்கிறது. இங்கே நாளையும் மாதத்தையும் பண்டிகை காப்பாற்றி வைத்திருக்கிறது, வருஷம்தான் கரைந்துபோகிறது. இப்படி வந்தால் என்ன ஏற்றுவது, நோயாளி சொன்னதை மூல ஆவணத்தில் எப்படி எழுதி வைப்பது என்று ஒரு பயிற்சியிலும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. நாமாக ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டால் அது இட்டுக்கட்டிய தகவல். போடாமல் விட்டால் படிவம் நகராது.

பிறந்த தேதியும் இந்தக் கதைதான். வயதானவர்களின் பழைய ஆதார் அட்டையில் பிறந்த வருஷம் மட்டும் இருக்கும், அல்லது ஜனவரி 1 என்று இருக்கும். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பார்கள். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். படிவமோ அதையே 'பிஐடி', அதாவது நாளுக்கு இருமுறை, என்று கேட்கும். அது பழகிவிடும். ஆனால் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். அதை ஒரே வரியில் போடுவதா, பிரித்துப் போடுவதா? ஒவ்வொரு ஸ்டடிக்கும் ஒவ்வொரு பதில், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் குடித்தேன் என்று நோயாளி நேர்மையாகச் சொல்கிறார். அதையும் ஏற்றத்தான் வேண்டும், சோதனை மருந்தோடு அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? டோஸ் எத்தனை மில்லிகிராம் என்று கட்டம் கேட்கிறது. சர்க்கரை அளவை நம் லேப் மில்லிகிராமில் தரும், படிவம் மில்லிமோலில் கேட்கும். 126 என்று அடித்தால் சிவப்பு விளக்கு எரியும். பதினெட்டால் வகுத்து 7 என்று போட வேண்டும் என்று தெரிந்த கோஆர்டினேட்டருக்கு வினாடி வேலை. புதிதாக வந்த பெண் அதை யாரிடம் கேட்பாள்?

இந்த விவரமெல்லாம் படிவம் நிரப்பும் கையேட்டில் இருக்கும் என்பார்கள். அது தடித்த பிடிஎஃப், அதில் பாதி நாட்கள் நம் கேள்விக்குப் பதிலும் இருக்காது. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் பசியோடு இருக்கிறார், ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டும். அப்போது பிடிஎஃப் புரட்ட முடியுமா?

சரி, தெரிந்தவரைக்கும் ஏற்றிவிடுகிறோம். பிறகு வருகிறது குவெரி, அதாவது ஏற்றிய தகவல் மீது கம்பெனி தரப்பின் கேள்வி. 'தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.' எதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று அதில் இருக்காது. நாம் பதில் எழுதினால் சில நாள் கழித்து அதே வாக்கியம் திரும்பி வரும். இதில் எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று உண்டு. உலகத்து மருந்து கம்பெனிகளுக்கான டேட்டா மேனேஜ்மென்ட் வேலை சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பெரிய அளவில் நடக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து இந்தக் குவெரியை அனுப்புகிறவர் தமிழ் பேசுகிறவராகவே இருக்கலாம். ஆடிப்பெருக்கு என்றால் அவருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அவருக்கு நான் போன் போட முடியாது, என்னை அவரும் கூப்பிட முடியாது. இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வியும் பதிலும் பதிவில் இருக்க வேண்டும் என்ற விதி நியாயமானது. பேசித் தெளிந்துவிட்டு அதன் பிறகு பதிவில் எழுதுவதை எந்த விதி தடுக்கிறது?

பயிற்சி இல்லாவிட்டாலும் அனுபவத்தில் கற்றுக்கொள்வோம், ஆனால் உதவி இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஸ்டடியில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மகன் போன் செய்தார். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இப்படி ஒரு கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரத்துக்கும் ஸ்டடியை நடத்தும் ஸ்பான்சருக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் டாக்டர் தெரிவித்தாக வேண்டும். தாமதமானால் காரணம் எழுதிக்கொடுக்க வேண்டும். ஈடிசியைத் திறந்தேன். பாஸ்வேர்டு காலாவதி. புதுப்பிக்கப் போனால் அக்கவுண்ட்டே பூட்டிக்கொண்டது. உதவி எண் கட்டணமில்லா எண்ணாம், என் செல்போனிலிருந்து போகவில்லை. இன்னொரு எண்ணைத் தேடிப் பிடித்தால் மொழிகளின் பட்டியலை ஒரு குரல் வாசித்தது, அதில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. கடைசியில் கிடைத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஸ்டடி எண், சைட் எண், யூசர் பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு, டிக்கெட் போட்டிருக்கிறேன், வேலை நாளில் பதில் வரும் என்றார். ஒரு நோயாளி ஐசியூவில் இருக்கிறார் என்றேன். அவர் கையில் இருந்த தாளில் அதற்கு ஒரு வரி இல்லை. பாவம், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஈடிசி திறக்காவிட்டால் தாள் படிவத்தில் எழுதி மெயில் அனுப்பலாம் என்று ஒரு மாற்று வழி உண்டு. அதைச் சொன்னது பயிற்சி அல்ல, முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒரு கோஆர்டினேட்டர் அக்கா. டாக்டர் இரவு வரை உட்கார்ந்து கையால் எழுதினார், ரிப்போர்ட் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. அந்த அக்காவைத் தெரியாத சைட்டில், அதாவது சோதனை நடக்கும் வேறோர் ஆஸ்பத்திரியில், என்ன நடந்திருக்கும்? சோதனையில் ஒருவர் உடம்புக்கு ஊறு வந்தால் அது மருந்தினாலா என்பதும், அவருக்கு இழப்பீடு உண்டா என்பதும் இந்த ரிப்போர்ட்டில் தொடங்கித்தான் முடிவாகின்றன. நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்ட குடும்பம் அது.

இவ்வளவுக்கும் ஒரே ஒரு ஈடிசி என்றால்கூடப் பரவாயில்லை. மருந்துப் பெட்டி ஒதுக்க ஒரு தளம், ஈசிஜி அனுப்ப ஒன்று, ஸ்கேன் ஏற்ற ஒன்று, நோயாளி கையில் கொடுக்கும் டேப்லெட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி யூசர் பெயர், தனிப் பயிற்சி, தனி உதவி எண். எல்லாவற்றிலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். ஒரு தளத்தில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றில் வெறும் இனிஷியல். இவர்கள் இருவரும் ஒருவர்தானா என்று ஆடிட்டர் கேட்பார், அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு எழுதி ஃபைலில் வைக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் பெண்ணுக்கு யூசர் பெயர் வர வாரங்கள் ஆகின்றன. நோயாளியின் விசிட் அதற்காகத் தள்ளிப்போகாது. அப்படி இருக்கும்போதுதான் வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டில் ஏற்றிவிடலாமே என்ற பேச்சு எழும். அது செய்யவே கூடாத காரியம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் கொண்டுவந்த பார்ட் 11 விதி, மின்னணுக் கையெழுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும், அதை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. யார் ஏற்றினார் என்பதே பொய்யாகிவிட்டால் அந்தத் தகவலை எதற்கு நம்புவது? கண்டிப்பாக இருக்கட்டும். கண்டிப்பு காட்டுகிறவர்கள் யூசர் பெயரையும் காலத்தில் கொடுக்க வேண்டாமா? இங்கே கோஆர்டினேட்டர்கள் பலர் ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள், வேறு இடம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்தும் ஸ்டடி தொடங்கும் மாதத்தில் மட்டும் பயிற்சி என்று திட்டமிடுவது என்ன கணக்கு?

வேறு மாதிரி செய்ய முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல், ஆராய்ச்சித் தகவலை ஏற்றுவதற்கு ரெட்கேப் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. இந்தியாவிலும் மருத்துவக் கல்லூரிகள் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் எனக்குப் பிடித்தது விலை இல்லை என்பதைவிட, அந்தந்த நிறுவனமே அதைத் தன் கணினியில் நிறுவி, அதற்கென ஒரு பொறுப்பாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. சந்தேகம் வந்தால் அடுத்த கட்டடத்துக்கு நடந்து போய்க் கேட்கலாம். பெரிய ஸ்டடிகளின் தேவைகள் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் குறைவான இடத்தில் பக்கத்தில் ஆள் இருக்கிறார், கோடிக்கணக்கில் செலவாகும் ஸ்டடியில் ஆள் இல்லை என்பது எப்படிச் சரியாகும்? கணினியைப் பயன்படுத்துகிறவருக்கு உரிய பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மருந்துச் சோதனைகளுக்கான சர்வதேச ஐசிஎச் வழிகாட்டு நெறியிலேயே எழுதியிருக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. எங்கள் ஓபியிலிருந்து எடுத்த உதாரணங்களை வைத்துப் பயிற்சி கொடுங்கள். ஏற்றிப் பார்த்து, தப்புப் பண்ணிப் பார்க்க ஒரு மாதிரித் தளத்தை ஸ்டடி முடிகிற வரைக்கும் திறந்து வையுங்கள். முதல் நோயாளி சேர்ந்த வாரத்தில் தெரிந்த ஒருவர் நேரில் வந்து பக்கத்தில் உட்காரட்டும். எங்கள் பதிவுகளைச் சரிபார்க்க கம்பெனி அனுப்பும் மானிட்டர் வரும் நாளில் பாதி நேரம் இதற்குப் போனாலும் பின்னால் வரும் குவெரி குறையும். பயிற்சிக்குச் செலவாகும் நேரத்துக்கு ஸ்டடி பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள், வீட்டுக்குப் போய் ராத்திரி 'நெக்ஸ்ட்' அழுத்தும் நிலை வேண்டாம். நோயாளி ஆஸ்பத்திரியில் விழுந்தால் அழைக்க ஒரு தனி எண், ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிற எண், இந்திய செல்போனிலிருந்து போகிற எண் வேண்டும்.

அடுத்த மாதம் எங்கள் சைட்டுக்குப் புது ஸ்டடி ஒன்றின் தொடக்க விசிட் இருக்கிறது. பயிற்சிப் பதிவேட்டை நீட்டுவார்கள். எந்த நேரத்தில், எந்த எண்ணில், எந்த மொழியில் ஆள் கிடைப்பார் என்று முதலில் அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கப்புறம் நான் கையெழுத்துப் போடுகிறேன்.