கால் கிலோ இறாலும் ரெண்டு பீர்க்கங்காயும்

ரொம்ப நாளாக மனசில் இருக்கும் ஒரு சண்டை இது. இறாலோடு காய் போட்டுச் சமைப்பது கஞ்சத்தனமா இல்லையா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள். "காசு குடுத்து இறால் வாங்கி அதுல பீர்க்கங்காய அரிஞ்சு போடுவாங்களாடா?" என்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இப்போது கட்சி மாறிவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

எங்கள் வீடு ராசிபுரம் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. எந்தத் திசையில் போனாலும் 150 கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால்தான் அலை காலில் படும். மீன் என்றால் எங்களுக்கு மேட்டூர் அணை மீன்தான். 1934ல் கட்டி முடித்த அந்த அணை கொடுத்த கட்லாவும் ரோகுவும். லீவு நாளில் ஜேடர்பாளையம் போனால் தடுப்பணையில் குளித்துவிட்டு வறுத்த மீன். எல்லாம் காவேரித் தண்ணீரில் வளர்ந்தவை. இறாலும் நெத்திலியும் ஐஸ் பெட்டியில் ஏறி ராத்திரியோடு ராத்திரியாக வந்த விருந்தாளிகள்.

அதனால் ஒரு பயம் உண்டு. "கடல்லருந்து வந்து எத்தன நாளாச்சோ" என்று நினைத்து எங்கள் பக்கத்தில் இறாலைக் கொதிக்கவிட்டுக் கொதிக்கவிட்டு ரப்பராக்கி விடுவார்கள். மசாலாவும் வண்டி வண்டியாகப் போகும். 2018ல் கேரளத்தில் ஃபார்மலின் தடவிய மீன் பிடிபட்ட செய்தி வந்தபிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. பயத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. தலை உடம்போடு ஒட்டி இருக்கணும், ஓடு பளபளப்பாக இருக்கணும், மூக்கருகே கொண்டுபோனால் அமோனியா மாதிரி நெடி அடிக்கக்கூடாது. இது மூன்றும் சரியில்லை என்றால் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கெட்டுப்போன இறாலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாலும் நல்ல இறால் ஆகாது.

இப்போது நம் ஊருக்கு வரும் இறாலில் நிறைய வனாமி. பசிபிக் கடலோரத்து அமெரிக்க இனம். 2009ல்தான் இந்தியாவில் இதைப் பண்ணைகளில் வளர்க்க அனுமதித்தார்கள். குளத்தில் வளர்வதால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் அந்த 61 நாளிலும் இது கிடைக்கும். மீன் விலை ஏறும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் இறால் வருவதற்கு இதுதான் காரணம்.

சரி, சமையலுக்கு வருவோம். அரைக் கிலோ இறால் வாங்கினால் தலையும் ஓடும் போய்க் கால் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பிசறி வையுங்கள். பீர்க்கங்காய் ரெண்டு. அரிவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் தூக்கிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வடச்சட்டியில் கடலை எண்ணெய் ஊற்றி, சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி. மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், மல்லித்தூள் ஒன்றரை ஸ்பூன். அப்புறம் காய், உப்பு, மூடி. தண்ணீர் ஊற்றவே கூடாது. காயே விட்டுவிடும். ஏழெட்டு நிமிஷத்தில் காய் குழைய ஆரம்பித்ததும்தான் இறால். மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. இறால் வெளுத்துச் சிவந்து அரை வட்டமாக வளைந்தால் இறக்கிவிடலாம். முழு வட்டமாகச் சுருண்டால் வேலை கெட்டது.

இங்கேதான் காயின் வேலை எனக்குப் புரிந்தது. இறாலைத் தனியாக வறுத்தால் அது விடுகிற சாறு சட்டியிலேயே தீய்ந்துவிடும். பீர்க்கங்காய் அத்தனையையும் குடித்துக்கொள்கிறது. ஒரு காய்த் துண்டை வாயில் போட்டால் இறால் ருசி இருக்கும். கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் கடற்கரைக்காரர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களே முருங்கைக்காயும் சுரைக்காயும் மாங்காயும் போட்டுத்தான் இறால் சமைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் மீன், நண்டு, இறாலோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் போகும். மரவள்ளி நம்ம ஊர்ப் பயிர்! நாம் அதை ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை.

அம்மா எப்போதும் "எனக்குக் காயும் சாறும் போதும் கண்ணு, இறால் எனக்குப் பிடிக்காது" என்று சொல்லும். நானும் நம்பிவிட்டேன், இருபது வருஷமாக. போன மாசம் அம்மாவுக்குக் காய்ச்சல். அன்றைக்கு முதல்முறையாக நான் சமைத்தேன். சட்டியில் 28 இறால். எண்ணிப் பார்த்தே கரண்டியை எடுத்தேன். அம்மா வழக்கமாகப் போடுகிற மாதிரி அப்பாவுக்குப் பத்து, எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஒன்பது. கணக்கு முடிந்துவிட்டது, இன்னொரு தட்டு காலியாக இருக்கிறது. பி.எஸ்சி. கணக்குப் படிக்கிறவனுக்கு இந்தக் கூட்டல் தெரிய இத்தனை நாளாகி இருக்கிறது :-)

ஆகவே என் கட்சி இதுதான். காய் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஆனால் காய் ஒருத்தர் தட்டுக்கு மட்டும், இறால் மற்றவர் தட்டுக்கு என்று பிரிவதற்கு அதைச் சாக்காக்க வேண்டாம். சட்டியில் கலந்ததைத் தட்டிலும் கலந்தே போடலாம். இருபது நிமிஷ வேலை, பையன்களுக்கும் கை இருக்கிறது. அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் வீட்டில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்றைக்கு ஆளுக்கு ஏழு. தம்பி முறைத்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஏழையும் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி, பீர்க்கங்காத் தோல எங்க போட்ட?" என்று கேட்டது. குப்பையில் போட்டிருந்தேன். தோலில் துவையல் அரைத்திருக்கலாமே என்று சாயங்காலம் வரைக்கும் திட்டு.