அடுப்படிச் சுவரில் ஓர் ஓட்டை

பதிவு கொஞ்சம் நீளம். புது வீடு கட்டுகிறவர்கள் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

போன மாதம் நம் மாணவன் ஒருவனுடைய புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். தேக்கு நிலை, கிரானைட் மேடை, தொட்டால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் டிராயர்கள். மனசு நிறைந்தது. சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, புகை எந்த வழியாப் போகும்?" என்று கேட்டேன். "ஜன்னல் இருக்கே சார்" என்றான். 1996-இல் வீடு கட்டியபோது என் மனைவி கேட்டதற்கு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

அந்தப் பதிலின் விலையை அவள்தான் கொடுத்தாள். மிளகாய் வறுத்தால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நான் இரண்டு தும்மல் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். அவள் அங்கேயே நிற்பாள். நான் ஓய்வு பெற்ற வருடம் அவளுக்கு விடாத இருமல். மருத்துவர் மருந்து எழுதிவிட்டு, "அடுப்படியில காத்து வெளிய போக வழி இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தலை குனிந்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு புகை ஏது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற கரும்புகைதான் இல்லை. எரியும் கேஸிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. காயும் எண்ணெயிலிருந்து நுண்துகள் வருகிறது. இரண்டும் நிற்கிறவர் நெஞ்சுக்குத்தான் போகின்றன.

என் கருத்து இதுதான்: வீட்டு வரைபடத்தில் வாசல் கேட்டுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கான ஓட்டையைக் குறிக்க வேண்டும். வரைபடம் போடுகிறவரும் பணம் கொடுக்கிறவரும் அடுப்பு முன்னால் நிற்பதில்லை. அதனால்தான் அது கடைசியில் ஞாபகம் வருகிறது, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு. பூச்சுக்கு முன் சுவரில் விட்டால் அது அரைமணி வேலை. பிறகென்றால் டைல்ஸ் உடையும், தூசி பறக்கும், லிண்டலையோ பீமையோ உளி தொட்டுவிடுமோ என்ற பயம் வேறு.

என் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் விலை குறைவென்று 6 அங்குல ஃபேன் வாங்கினேன். அது குளியலறைக்கு ஆகும். எலக்ட்ரீஷியன் சுவரை இடிக்க வேண்டாமே என்று அடுப்புக்கு மேலிருந்த கிழக்கு ஜன்னலின் மேல் கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே மாட்டினார். ஃபேன் ஜோராகச் சுற்றியது, புகை மட்டும் அசையவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் ஆறாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டி, "காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும்" என்று எத்தனை வருடம் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்! வெளியே போகும் காற்றின் இடத்துக்கு வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது திறந்திருந்த அதே ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாக வந்து, மேலே ஃபேன் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அறையில் இருந்த புகை அப்படியே இருந்தது.

ஆகவே ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலை மூடுங்கள். எதிர்ப்பக்கக் கதவைத் திறங்கள். இரண்டாவது முறை தெற்குச் சுவரில், அடுப்புக்கு அருகே, கூரைக்குக் கீழே உயரத்தில் வைத்தோம். எங்கள் அடுப்படி அக்னி மூலையில் இருப்பதால் கிழக்கும் தெற்கும் வெளிச்சுவர்கள். கிழக்கில் வைத்தபோது ஐப்பசி மழை நேராக உள்ளே அடித்தது. தெற்கில் அந்தத் தொல்லை குறைவு. ஓட்டையின் அடிப்பகுதி வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு சிறு மறைப்பும் வேண்டும். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து வைத்துவிடாதீர்கள், உறவு கெடும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். சமையலறைக் காற்று மணிக்கு 15 முதல் 20 முறை மாறினால் நல்லது. 20 என்று வைத்தால் 460 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். வலையும் மூடியும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் கூடுதலாகவே பாருங்கள். எங்களுக்கு 9 அங்குலம் சரியாக இருந்தது. 50 வாட் ஃபேனைத் தினம் 2 மணி நேரம் போட்டால் இரண்டு மாதக் கணக்கில் 6 யூனிட். சத்தம் உண்டுதான். "சத்தம் கிடக்கட்டுங்க, தொண்டை கமறல" என்றாள் வீட்டம்மா. சுவிட்ச் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், எர்த் இணைப்பும் அவசியம்.

சிமினி போதாதா என்று கேட்பீர்கள். குழாய் வெளியே போகிற சிமினி என்றால் சரி. குழாய் இல்லாத வகை, கரியில் வடிகட்டி அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். சூடும் ஈரமும் அங்கேயேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கேஸ் நாற்றம் அடித்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் கூடாது. சுவிட்சில் வரும் ஒரு பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும். உயரத்தில் இருக்கும் ஃபேனை நம்ப வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். என் தங்கை வீட்டில் ஒருமுறை நல்லது என்று நினைத்து ஃபேனைப் போடப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கைகளை சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். அந்த வேலையை வீட்டு ஆண்கள் செய்யலாம். எங்கள் வீட்டில் நான்தான் ஸ்டூலில் ஏறுகிறேன், அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறாள்.

அந்த மாணவன் நேற்று போன் செய்தான். வியாழக்கிழமை சுவரில் ஓட்டை போட ஆள் வருகிறாராம். "சார், நீங்களும் வந்து இடத்தைக் காட்டுங்க" என்றான். போகிறேன். ஃபேன் மாட்டியதும் அடுப்பு மேல் காட்டிப் பார்க்க ஒரு பாக்கெட் ஊதுபத்தி எடுத்துக்கொண்டு போகிறேன்.